பேனருக்கு ஒரு முகம்

"திங்கக்கெழம லீவுக்கா. நாளைக்கு வாங்க," என்றான் கம்பிக்கதவுக்குள் நின்ற காவலாளி ஜெகதீஷ்.

"நாளைக்கு ஆகாது தம்பி. இன்னிக்கு நாலு மணிக்கு எங்கப்பாவ எடுத்துருவோம்," என்றாள் கலையரசி.

அவன் பூட்டைத் திறந்தான்.

குரங்கணிச் சாலையில் இருந்த அந்தத் தோட்ட பங்களா, ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் குடியிருந்தது. இப்போது மலைமக்கள் அருங்காட்சியகம். ரோஜாப் பாத்திகளுக்கு நடுவே நடந்தபடியே சொன்னாள். அப்பா விடிகாலையில் இறந்துவிட்டார். அஞ்சலி பேனருக்குப் படம் வேண்டும். போனில் இருப்பதெல்லாம் பக்கவாதத்தில் வாய் கோணிய பிறகு எடுத்தவை. அவளுடைய கல்யாண ஆல்பத்தில், எல்லாப் படத்திலும் குனிந்து சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஆதார்ல இருக்குமேக்கா?"

"பேனர் கடை ராம்பிரசாத் அண்ணன் பாத்துட்டு, போலீஸ் தேடுற ஆளு மாதிரி இருக்குன்னுட்டாரு. பன்னெண்டுக்குள்ள வேற குடுத்தாத்தான் அடிக்க முடியுமாம்."

ஜெகதீஷ் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

கடைசி அறையில், கண்ணாடிக் கூண்டுக்குள், தலையில் ஏலக்காய் மூட்டையுடன் அப்பா நின்றார். 'மலைச் சுமைதூக்கி' என்றது பலகை. இருபது வருஷத்துக்கு முன் சிலை செய்ய வந்தவர், எஸ்டேட்டில் லோடு சுமந்த அப்பா சோலைமலையை உட்காரவைத்து, எலும்பு முறிவுக்குக் கட்டும் மாவை முகத்தில் பூசி அச்சு எடுத்தார். அரை மணி நேரம் பேசவோ சிரிக்கவோ கூடாது என்றாராம். "எம்பொண்டாட்டி முன்னாடி எப்பவும் அப்பிடித்தானய்யா இருக்கேன்," என்றாராம் அப்பா.

போனைத் தூக்கினாள். கண்ணாடியில் அவள் முகமே விழுந்தது. எங்கே தள்ளி நின்றாலும் விழுந்தது.

"இதத் தொறக்க முடியாதா?"

"ஆபீசருக்கு எழுதிக் கேக்கணும்க்கா. ஒரு வாரமாகும்."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று. கலையரசி சட்டென்று வாசலை நோக்கித் திரும்பினாள். அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்கும் நேரம். இரண்டு எட்டு வைத்த பிறகே நினைவு வந்தது. அங்கே கிடந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். அப்பா படுத்த மூன்று வருஷத்தில் பதினொரு மணிக்கு அவள் உட்கார்ந்ததில்லை. ஜன்னல் வழியே மலை தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜெகதீஷ் சாவியை எடுத்துக் கூண்டைத் திறந்தான். "வெரசா எடுங்கக்கா. தொட்டுறாதீங்க."

தொட்டாள். நெற்றியிலும் கன்னத்திலும் படிந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். பழக்கத்தில் வாயோரத்தையும் துடைத்தாள். அங்கே எதுவும் ஒழுகவில்லை.

படம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அம்மா மகாராணி போனில் கூப்பிட்டாள்.

"ஏத்தா, இவரு இம்புட்டு நல்லாவா இருந்தாரு?"

"ஆமாம்மா."

"சரி, கடைக்காரர்கிட்டச் சொல்லி அந்த மூட்டைய எடுத்துரச் சொல்லு."

மூன்று மணிக்குத் தெருமுனையில் பேனர் கட்டினார்கள். மூட்டை இருந்த இடத்தில் ராம்பிரசாத் வானத்தைப் போட்டிருந்தார், கொஞ்சம் தாராளமாகவே.