மூட்டையோடு பழகிய வளைவு

பிரெஞ்சுக்காரன் ஆண்ட சைகோனில் துணிக்கடை வைத்திருந்த காரைக்கால் சலாஹுதீனுக்கு, வியாபாரத்தில் வராத ரோஷமெல்லாம் கார்ப் பந்தயத்தில்தான் வரும். கூரையில்லாத பழைய கார்தான். ஆனாலும் நேர்ச் சாலையில் பறப்பார். வளைவு வந்தால் போச்சு. வேகத்தைக் குறைக்காமலே நுழைவார், பின்சக்கரம் இழுத்துக்கொண்டுபோய்ப் புழுதியில் தள்ளும், பின்னால் வந்தவர்களெல்லாம் முந்திவிடுவார்கள்.

பக்கத்து இருக்கையில் அவர் மனைவி ரஹ்மத் நிஷாவின் தம்பி அப்துல் குத்தூஸ். வலப்பக்கம் திரும்பும்போது கார் கவிழாமலிருக்க, மிதிபலகையில் நின்று வெளியே சாய்ந்து கனம் கொடுப்பது அவன் வேலை. டான் சோன் நாட் சாலையில் ஒரு புளியமரம், அதைத் தாண்டினால் வளைவு. மரம் வந்ததும் மச்சான் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார், குத்தூஸ் எழுந்து சாய்வான். இருவருக்கும் பேச்சே தேவைப்பட்டதில்லை.

வீட்டுக்கு வந்தால்தான் குத்தூஸுக்கு வாய் சும்மா இருக்காது. சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து, மச்சான் வளைவில் கண்ணை மூடிக்கொள்கிறார் என்று லாத்தாவிடம், அதாவது அக்காவிடம், சொல்லிச் சிரிப்பான். நிஷாவும் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொள்வாள். அது சலாஹுதீனுக்குச் சுருக்கென்று தைத்தது. இவன் வாயை அடைக்கிறேன் பார் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டார்.

விடிந்தும் விடியாததுமாக, யாருக்கும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பழகினார். குத்தூஸின் கனத்துக்குச் சரியாக இருக்கட்டும் என்று, சோலோன் சந்தையில் வாங்கிய அரிசி மூட்டையை அவன் இருக்கையில் கட்டிவைத்தார். மரத்தடியிலேயே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்தைத் தொட்டு, வளைவு விரியும்போதுதான் மிதிக்க வேண்டும். நாளாக ஆகக் கை பழகிவிட்டது. பெரிய கெட்டிக்காரர்தான்! எல்லாம் யோசித்தார், மூட்டை எழுந்து சாயாது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

பந்தயத்தன்று மரம் வந்தது. குத்தூஸ் வழக்கம்போல் எழுந்து சாய்ந்தான். சலாஹுதீன் பிரேக்கை அழுத்தினார்.

கார் வளைவில் வெண்ணெயாகத் திரும்பியது. வெளியே வரும்போதே முன்னால் போனவர்களை முந்தினார். இப்போது என்ன சொல்கிறாய் என்று கேட்க, பெருமை பொங்கப் பக்கத்தில் திரும்பினார். இருக்கை காலியாக இருந்தது.

சாலையில் தூக்கியெறியப்பட்ட குத்தூஸுக்கு இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. அல்லாஹ் கிருபையால் உயிர் தப்பியது, இனி ஊன்றுகோல்தான் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். சலாஹுதீனின் ரோஷம் போன இடம் தெரியவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து உட்கார்ந்து நெஞ்சு வெந்தார். குத்தூஸோ அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஊருக்குக் கப்பலேறும் அன்றுதான் கேட்டான்.

"வளைவை நல்லாத்தான் எடுத்தீங்க மச்சான். எப்புடிப் பழகுனீங்க?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "ஒன் எடத்துல ஒரு அரிசி மூட்டையை வச்சு," என்றார்.

குத்தூஸ் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டான்.

"மூட்டைக்கிட்டச் சொல்ல வேண்டியதில்லதான்," என்றான். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே."