ஏழு துணி மூடிய தொட்டில்

எங்கள் ஊரில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் அதை முதன்முதலாகத் தொட்டிலில் கட்டுவது நான்தான். ஐந்து பெற்றவள், ஐந்தும் ஆளானவை. அந்தத் திமிர் எனக்கு உண்டு. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

தம்பி உல்மாஸின் பிள்ளைக்குத் தொட்டில் விருந்து வைத்தபோது அதற்கு இருபத்தைந்து நாள். மூன்று நாளாக மூக்கடைப்பு. பால் குடிக்க வாய் வைக்கும், மூச்சு முட்டும், விட்டுவிட்டு அழும். தம்பி மனைவி தில்நவோஸ் அதை நிமிர்த்தித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபடியே இருந்தாள்.

அன்று காலை செவிலி வந்து சொல்லிக் கொடுத்தாள். உப்புநீர் மூக்குக்கு இரண்டு சொட்டு, கொஞ்சம் பொறுத்து ரப்பர் பந்தால் சளியை உறிஞ்சு, அப்புறம் பால். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. புகை கூடாது, முகத்தை மூடக் கூடாது. மூச்சு விடும்போது விலா உள்ளே இழுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

செவிலி வாசலைத் தாண்டியதும் தில்நவோஸ் என்னிடம் வந்தாள்.

"அண்ணி, விலா உள்ளே இழுக்குது பாருங்க. விருந்தை ஒரு வாரம் தள்ளிப் போடலாமா?"

"நாப்பது பேருக்குச் சோறு வெந்துட்டிருக்கு, தள்ளிப் போடறதாம்! மூக்கு ஒழுகாத பிள்ளை எங்கேடி இருக்கு? ஒண்ணு பெத்தவ அஞ்சு பெத்தவளுக்குப் பாடம் சொல்ல வந்துட்டா!"

அடுப்படியில் எல்லாரும் சிரித்தார்கள். அவள் முகம் சிறுத்துப் போயிற்று. எனக்கு அது பிடித்திருந்தது.

விருந்தில் ஒரு விளையாட்டு உண்டு. பிள்ளையைத் தொட்டிலில் வேண்டுமென்றே தப்பாக வைத்து, "இப்படிப் படுக்க வைக்கவா?" என்று கேட்பேன். பெண்கள் "வேண்டாம்!" என்று கத்துவார்கள். தலைமாடு கால்மாடாக வைத்துக் கேட்பேன். "வேண்டாம்!" சரியாக வைத்துக் கேட்டால், "ஆமா!"

அன்றும் சரியாக வைத்துக் கேட்டேன். எல்லாரும் "ஆமா!" என்றார்கள். தில்நவோஸ் ஒருத்தி மட்டும், "வேண்டாம்! மூச்சு விட முடியலை அவனுக்கு!" என்று கத்தினாள்.

கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. விளையாட்டில் அவளும் சேர்ந்துகொண்டாள் என்று நினைத்தார்கள். நான் நினைக்கவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கையையும் காலையும் பட்டையால் இறுக்கிக் கட்டினேன். திருஷ்டி போக இசிரிக் செடியைக் கொளுத்தித் தொட்டிலைச் சுற்றிப் புகை போட்டேன். வழக்கப்படி ஏழு துணியையும் தொட்டில் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு மூடினேன்.

உள்ளே கொஞ்ச நேரம் கொர் கொர் என்றது. பிறகு அடங்கியது.

"பாத்தீங்களா? என் கை பட்டதும் தூங்கிட்டான்!" என்றேன். எல்லாரும் மெச்சினார்கள்.

தில்நவோஸ் தேநீர் ஊற்றிக்கொண்டே தொட்டிலைப் பார்த்தாள். பால் கட்டி அவள் சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. இரண்டு தடவை கிட்டே வந்தாள்.

"எழுப்பாதே. விருந்தாளிங்களைக் கவனி" என்று இரண்டு தடவையும் விரட்டினேன்.

மூன்றாம் தடவை அவள் என்னைக் கேட்கவில்லை. துணிகளை ஒரே இழுப்பில் உருவினாள். பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. நான் போட்ட முடிச்சு அவள் விரலுக்கு அவிழவில்லை, பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

அவள் அழவில்லை. பிள்ளையை மடியில் கிடத்தி மூக்கில் உப்புநீர் விட்டாள், இரண்டிரண்டு சொட்டு. பொறுத்தாள். ரப்பர் பந்தால் உறிஞ்சினாள். செவிலி சொன்னதை ஒன்று விடாமல் செய்தாள். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள், துடிப்பில்லை. மறுபடியும் முதலிலிருந்து செய்தாள்.

கடைசியில் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் மெத்தை மேல் வைத்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணி, இப்படிப் படுக்க வைக்கவா?"