மேஜர் வெலிஸார் வீட்டு அலமாரியின் உயரம்

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மார்ச் பதினான்காம் தேதி காலை ஒன்பதே கால் மணிக்கு, அப்போது கேப்டனாக இருந்த வெலிஸார் ஓட்டிய போர் விமானம் யாசென்பொலே தளத்தின் ஓடுபாதையை விட்டு எழும்பியது. அதே நேரத்தில் ஊருக்குள் அவர் வீட்டிலிருந்த மேசை, நான்கு நாற்காலிகள், கட்டில், துணி அலமாரி, தையல் மெஷின், தொலைபேசி வைத்த முக்காலி எல்லாம் தரையிலிருந்து நான்கு விரற்கடை உயர்ந்து நின்றன. முப்பத்தெட்டு நிமிடம் கழித்து விமானம் இறங்கியதும் அவையும் இறங்கின. மேசைமேல் இருந்த கோப்பையிலிருந்து காபி சிந்தவில்லை. வெலிஸாரின் மனைவி கிரெமெனா அப்போது ஒரு கல்யாண உடுப்புக்குக் கைப்பட்டி தைத்துக்கொண்டிருந்தாள். மெஷினோடு அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியும் உயர்ந்துவிட்டதால் முதலில் எதுவும் தெரியவில்லை. கத்தரிக்கோலை எடுக்கக் குனிந்தபோதுதான் தரை தள்ளிப்போயிருப்பதைக் கண்டாள். இறங்கிப்போய் விளக்குமாற்றை எடுத்துவந்து, அலமாரிக்கு அடியில் பல வருடமாகச் சேர்ந்திருந்த குப்பையைக் கூட்டித் தள்ளினாள். கல்யாணத்தன்று தொலைந்த காதணி ஒன்று அதில் கிடைத்தது.

ஏன் அன்று தொடங்கியது என்பதில் ஊரில் இரண்டு கருத்து இல்லை. அதற்கு முதல் நாள்தான் தலைநகரத்திலிருந்து ஒரு கமிஷன் வந்திருந்தது. விமானங்கள் சோவியத் காலத்தில் வாங்கியவை. எஞ்சின்கள் இத்தனை மணி நேரம்தான் ஓடலாம் என்று புத்தகத்தில் போட்டிருந்தது, அந்த மணி நேரம் தீர்ந்துவிட்டது. புதிய விமானம் வாங்க நாட்டில் வழியில்லை. எனவே கமிஷனைச் சேர்ந்த ஐந்து பேர் விமானங்களைச் சுற்றி நடந்தார்கள், ஒருவர் சின்னச் சுத்தியலால் இறக்கையைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார், பிறகு உணவுக்கூடத்தில் ஆட்டுக் கல்லீரலும் ராக்கியா என்ற பழச்சாராயமும் முடித்துக்கொண்டு, எஞ்சின்களின் ஆயுளை இரண்டு ஆண்டு நீட்டித்துக் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து மறுபடி வந்து மறுபடி நீட்டித்தார்கள். ஒவ்வொரு நீட்டிப்புக்கும் வெலிஸார் வீட்டுச் சாமான்கள் இன்னும் கொஞ்சம் மேலே போயின. நான்கு விரற்கடை ஒரு சாண் ஆயிற்று, சாண் முழங்கால் ஆயிற்று. மற்ற விமானிகள் வீடுகளில் ஒரு ஸ்பூன்கூட அசையவில்லை. ஏனென்று யாரும் ஆராயவில்லை. ஒருவன் தலை வழுக்கை, இன்னொருவன் தலை வழுக்கையில்லை, அதைப்போல.

கிரெமெனா பழகிக்கொண்டாள். கணவன் பறக்கும் நேரத்தில் வாடிக்கையாளர் யாரையும் வரச்சொல்வதில்லை; ஒருமுறை போலீஸ் அதிகாரி ஒருவர் பேண்ட் அளவு கொடுக்க நாற்காலியில் ஏறி நின்றிருந்தபோது மேலே போய், ஐம்பது நிமிடம் இறங்கப் பயந்து அங்கேயே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் அவள் பழகாதது ஒன்று உண்டு. சாமான்கள் மேலே இருக்கும்வரை வெலிஸார் உயிரோடு இருக்கிறார், எந்த நேரமும் அவை விழலாம். மெதுவாக இறங்கினால் அவர் தரையைத் தொட்டுவிட்டார். தடாலென்று விழுந்தால்? அதனால் பதினைந்து ஆண்டு, வாரத்துக்கு இரண்டு நாள், அவள் சுவரோடு சாய்ந்து நின்றபடி மேசையின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலையை விடச்சொல்லிப் பலமுறை கேட்டாள். "உன் சித்தப்பா தக்காளி கேனிங் கம்பெனில ஆள் கேட்டாங்களாம். மூடி போடற மெஷினப் பாத்துக்கணும். அது தரையில நிக்கும்."

"நான் விட்டா அந்த வண்டிய யாரு எடுப்பான்? போன வருஷம் வந்த பசங்கதான்," என்பார் வெலிஸார். "இன்னொன்னு கேளு. புதுசு வர்ற அன்னிக்கி ஓட்டத் தெரிஞ்சவன் நாலு பேராவது மிஞ்சணும். பறக்காதவன் கை மறந்துபோவும்."

"புதுசு எப்ப வரும்?"

"கேளேன், நியூஸ்ல சொல்றான்."

நியூஸில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு அரசாங்கம் வாங்குவதாக முடிவெடுத்தது, அடுத்தது அதை ரத்து செய்தது, அதற்கடுத்தது பழையதிலேயே ஓரளவு நல்லதாகப் பார்த்து வாங்கலாம் என்றது, நான்காவது அரசாங்கம் புதியதே வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டுவிட்டுக் கவிழ்ந்தது. ஐந்தாவது அதை மதித்தது. அப்புறம் செய்கிற நாட்டில் தாமதம். ஒவ்வொரு அறிவிப்பின்போதும் கிரெமெனா தொலைக்காட்சிமேல் ஒரு செருப்பை எறிந்தாள். பதினோரு செருப்புக்கு அது தாங்கியது.

இதற்கிடையில் தளத்தின் தலைமை மெக்கானிக் ஹாரலாம்பி அவள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். எதைக் கழற்றி எதில் மாட்டலாம் என்பதிலேயே முடி நரைத்த, வாயில் எப்போதும் சூரியகாந்தி விதை மென்றுகொண்டிருக்கும் மனிதர். உதிரி பாகம் வராததால் ஒரு விமானத்தைக் கொன்றுதான் இன்னொன்றைப் பறக்கவைக்க முடிந்தது. பதினாறு ஒன்பதாகி, ஒன்பது ஐந்தாகியிருந்தது. அவர் அளவு நாடாவோடு வந்து, வெலிஸார் எந்த எண் விமானத்தில் போயிருக்கிறாரோ அந்த எண்ணுக்கு நேராக அலமாரியின் உயரத்தைக் குறித்துக்கொண்டார். பத்தொன்பதாம் எண்ணுக்கு முப்பது சென்டிமீட்டர், முப்பத்திரண்டாம் எண்ணுக்கு அறுபத்தொன்று. அதிகம் காட்டிய விமானத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நிச்சயம் ஏதாவது விரிசல் இருந்தது.

"நம்ம மீட்டருங்க பொய் சொல்லுது, உன் அலமாரி சொல்லலம்மா," என்றார். தன் அறிக்கையிலும் அப்படியே எழுதி அனுப்பினார். அனுமதிக்கப்பட்ட கருவிகளால் மட்டுமே அளக்கவும் என்று தலைநகரத்திலிருந்து பதில் வந்தது. ஹாரலாம்பி அதைத் தளத்துக் கழிப்பறையில் ஆணியடித்து மாட்டினார்.

யாசென்பொலேயில், நாட்டின் மற்ற ஊர்களைப்போலவே, யாராவது செத்தால் கறுப்புக் கரை போட்ட தாளில் படத்தோடு அறிவிப்பு அச்சடித்து வாசல் கதவில், விளக்குக் கம்பத்தில், ரொட்டிக்கடைச் சுவரில் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆண்டு நிறைவுக்கு ஒன்று. மெக்கானிக்குகள் விமானத்துக்கும் இதைச் செய்தார்கள். பாகங்களுக்காக ஒரு விமானம் அறுக்கப்பட்டால் அதற்கும் ஓர் அறிவிப்பு அச்சடித்து கொட்டகைக் கதவில் ஒட்டி, ஆளுக்கு ஒரு வாய் ராக்கியா தரையில் ஊற்றுவார்கள். கடைசியாக மிஞ்சியது முப்பத்திரண்டாம் எண். செப்டம்பர் இருபத்தாறாம் தேதி அதற்குக் கடைசிப் பறப்பு என்று உத்தரவு வந்ததும், அறிவிப்பை முன்கூட்டியே தயார் செய்துவிடலாம் என்று ஹாரலாம்பி அச்சகத்துக்குத் தாளும் படமும் கொடுத்தனுப்பினார். படத்தில் விமானத்தின் மூக்கு கொஞ்சம் தெரிந்தது. உள்ளே உட்கார்ந்து சிரிக்கும் வெலிஸாரின் முகம் நன்றாகத் தெரிந்தது. "மேஜர் வெலிஸாரின் முப்பத்திரண்டு, நீண்ட நோய்க்குப் பின் நம்மைப் பிரிந்தது" என்று எழுதியிருந்தார். அச்சகத்துக்காரர் வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர். எண் ஒரு பெயராக இருக்க முடியாது என்று முடிவு செய்து அதை எடுத்துவிட்டார், "பிரிந்தது" என்பதை மரியாதையாகத் திருத்தினார், எந்தச் சாவுக்கும் செய்வதுபோல விலாசம் விசாரித்து, கடைசிப் பறப்பு நாளன்று காலை தானே பசை வாளியோடு போய் வீதி முழுக்க ஒட்டினார். வெலிஸார் வீட்டுக் கதவில் இரண்டு.

காலை பத்து பத்துக்கு முப்பத்திரண்டாம் எண் எழும்பியது. சாமான்கள் கிரெமெனாவின் மார்பு உயரத்துக்குப் போயின, அலமாரி கூரையை முட்டியது. இவ்வளவு உயரம் ஒருநாளும் இல்லை. கால் மணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு நெதெல்கா கறுப்பு முக்காட்டோடு நின்றாள், கையில் செத்தவர்களுக்குப் படைக்கும், சர்க்கரை தூவிய வேகவைத்த கோதுமைத் தட்டு. பின்னால் இருபது பேர், மெழுகுவத்தி, அழுகை. கொல்லையில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் புகை வாசனையோடு அப்படியே வந்திருந்தார்கள்.

"என் கண்ணு கிரெமெனா, நேத்துகூட என் வேலிக்கு ஆணி அடிச்சுக் குடுத்தாரே!"

கிரெமெனா கதவைப் பார்த்தாள். கறுப்புக் கரை, கணவன் முகம், நீண்ட நோய்க்குப் பின். நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள். மேசை அந்தரத்தில் நின்றது, பூச்சாடியோடு.

"அக்கா, அழுகைய நிறுத்து. மேச இன்னும் அந்தரத்துல நிக்கிது. செத்தவன் எங்கியாவது மேசயத் தூக்குவானா?"

நெதெல்கா எட்டிப் பார்த்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆமா, நிக்கிது. அப்ப இந்தக் கோதுமைய நான் யாருக்குடி வேகவெச்சேன்?"

ஆனாலும் யாரும் திரும்பிப் போகவில்லை. உள்ளே வந்து கட்டிலுக்கும் நாற்காலிகளுக்கும் அடியில், மழைக்கு ஒதுங்கியவர்கள்போலக் குனிந்து நின்றார்கள். பத்து ஐம்பதுக்கு இறங்க வேண்டியவர் பதினொன்றுக்கும் இறங்கவில்லை. பதினொன்று ஐந்துக்குச் சாமான்கள் எல்லாம் சேர்ந்து நடுங்கத் தொடங்கின. தையல் மெஷினின் சக்கரம் தானாகச் சுற்றியது. அப்போது முக்காலியில் இருந்த தொலைபேசி அடித்தது. அது தலை உயரத்தில் இருந்ததால் எடுக்க வசதியாகவே இருந்தது.

"அம்மா, ஹாரலாம்பி பேசறேன், டவர்லேருந்து. வண்டி ஆடுது. ரெண்டு எஞ்சின்ல ஒண்ணு சாவப் போவுது, எதுன்னு தெரியல. ரெண்டு முள்ளும் நல்லாருக்குன்னு காட்டுது. தப்பா நல்லத நிறுத்திட்டா ஆள் கல்லு மாதிரி விழுவான். அலமாரி எப்படி இருக்கு?"

"நடுங்குது."

"எந்தப் பக்கம் சாயிது?"

கிரெமெனா பார்த்தாள். அலமாரி நேராகத்தான் தெரிந்தது. மேசை, கட்டில், எல்லாமே நேராகத்தான் தெரிந்தன. நடுக்கத்தில் சாய்வு கண்ணுக்குப் பிடிபடவில்லை. நெதெல்காவின் கையிலிருந்த தட்டைப் பிடுங்கிக் கோதுமையைக் கொட்டிவிட்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்து தட்டை நிரப்பி எக்கி மேசைமேல் வைத்தாள். தண்ணீர் ஒரு ஓரத்தில் வழிந்தது.

"ஜன்னல் பக்கம் சாயிது அண்ணே."

"ஜன்னல் எந்தப் பக்கம்னு சொல்லு, நல்லா யோசி. நீ எப்பிடி நின்னு பாக்கறியோ அத வெச்சு இல்ல. அவன் பறக்கறப்ப உன் அலமாரி எங்க மூஞ்சி காட்டும்?"

பதினைந்து ஆண்டு பார்த்தவளுக்கு அது தெரியும். ஓடுபாதை மேற்கே பார்த்தது, எழும்பும்போது சாமான்கள் எல்லாம் அடுப்பங்கரைச் சுவரைப் பார்த்து ஓர் அங்குலம் நகரும். அடுப்பங்கரையைப் பார்த்து நின்றாள். ஜன்னல் இடக்கைப் பக்கம் இருந்தது.

"இடது. இடதுதான். நிறுத்தச் சொல்லு."

தொலைபேசியில் யாரோ கத்துவது கேட்டது, அலமாரி சொன்னதைக் கேட்டு எஞ்சினை நிறுத்துவதா என்று. ஹாரலாம்பி அவருக்குச் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது. பிறகு பத்து வினாடி ஒன்றுமில்லை. பிறகு நடுக்கம் நின்றது. தட்டிலிருந்து தண்ணீர் வழிவதும் நின்றது. சாமான்கள் மார்பிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து முழங்காலுக்கும், பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ் குழந்தையை வைப்பதுபோலத் தரைக்கும் வந்தன. மேசையின் நான்காவது கால் எப்போதும்போலக் கடைசியில் தொட்டது. அடியில் நின்றவர்கள் அதற்குள் நசுங்காமல் ஓரமாக ஒதுங்கியிருந்தார்கள். நெதெல்கா, "வேஸ்ட் பண்ண வேணாம், அள்ளுங்க," என்று கொட்டிய கோதுமையைக் காட்டினாள். முப்பத்திரண்டாம் எண்ணின் ஆத்மாவுக்கு என்று சொல்லி எல்லாரும் தின்றார்கள்.

பிற்பகல் வெலிஸார் நடந்து வீட்டுக்கு வந்தார். கதவில் ஒட்டியிருந்ததை முழுதாகப் படித்தார்.

"போட்டோ நல்லாத்தான் போட்டுருக்கான். அதென்ன நீண்ட நோய்?"

"நான்தான்," என்றாள் கிரெமெனா. "உள்ள வா."

அந்தக் குளிர்காலம் அவர் கடல் கடந்த நாட்டில் புதிய விமானம் பழகினார். வீட்டில் எதுவும் அசையவில்லை, தூரம் அதிகம் என்று ஊர் சொல்லிக்கொண்டது. மறு ஆண்டு மே மாதம் புதியவை யாசென்பொலேயில் இறங்கின. சாம்பல் நிறம், ஒற்றை எஞ்சின். ஒற்றை என்றதும் நெதெல்கா சிலுவை போட்டுக்கொண்டாள். வெலிஸார் முதன்முதல் தன் ஊரின்மேல் அதில் பறந்த செவ்வாய்க்கிழமை காலை, ஹாரலாம்பி நாடாவோடு வந்தார், வீதியும் வந்தது. சத்தம் கேட்டது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, சத்தம் வடக்கே தேய்ந்தது. மேசை தரையில் நின்றது. ஹாரலாம்பி மண்டியிட்டு ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு சிகரெட் தாளை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. அலமாரிக்கும் நுழையவில்லை.

"பூஜ்யம்," என்றார்.

சிலருக்கு ஏமாற்றம்தான். அவள் வீட்டுக் கட்டில் மழை நாளில் வேடிக்கை பார்க்கவாவது பயன்பட்டது, இனி அதுவும் இல்லை என்று முணுமுணுத்தபடி போனார்கள். கிரெமெனா ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த முதல் நாளுக்குப் பிறகு, கணவன் ஊருக்கு மேலே பறக்கும்போது அவள் உட்கார்ந்தது பதினாறு ஆண்டில் அதுதான் முதல் தடவை. உட்கார்ந்த நிலையிலேயே தூங்கிப்போனாள்.

வெலிஸார் இறங்கி வீடு வந்து அவளைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார். மறுநாளும் அவள் எழவில்லை. மருத்துவர் வந்து நாடி பார்த்தார், குறட்டையைக் கேட்டார், ஒரு தாளில் பெருக்கிக் கூட்டினார்; பாக்கித் தூக்கம் பத்தொன்பது நாள் வரும், எழுப்ப வேண்டாம் என்றார். எழுப்பவில்லை. வீதி முறை வைத்துக்கொண்டது. ஒருத்தி தக்காளிக்குத் தண்ணீர் விட்டாள், ஒருத்தி தைத்து முடித்திருந்த பேண்டுகளை உரியவர்களுக்குக் கொடுத்தாள், வெலிஸார் முட்டை பொரித்துத் தின்றுவிட்டு வேலைக்குப் போனார், பறந்தார், வந்தார். சத்தம் அவளை எழுப்பிவிடாமல் அந்த வீதியை விட்டு விலகிப் பறக்குமாறு தளத்து அதிகாரி வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். பத்தொன்பதாம் நாள் காலை கிரெமெனா கண் விழித்தாள். பக்கத்தில் நெதெல்கா காராமணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவர் எங்க?"

"மேல."

கிரெமெனா கூரையைப் பார்த்தாள். பிறகு, இன்னும் கொஞ்சம் தூங்குகிறேன் அக்கா என்று சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.