அடைப்புக்கட்டை

வீரமலையும் நல்லதம்பியும் கூட்டாக வாங்கிய மோட்டார் படகுக்கு ஒரே ஒரு சட்டம்தான். கொள்ளிடக் கரையில் ஏற்றியதும் அடித்துளையை அடைத்திருக்கும் கட்டையைப் பிடுங்கித் தேங்கிய தண்ணீரை வடிக்க வேண்டும். பிடுங்கிய கட்டையை, எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் கயிற்றில் கட்ட வேண்டும். கயிற்றை இழுக்க வருகிறவன் கண்ணில் கட்டை பட்டே தீரும்; துளையை அடைக்க மறக்கமாட்டான். சட்டம் போட்டவர் வீரமலை.

அன்று காலை கயிற்றில் கட்டை இல்லை. சந்தைக்கு நேரமாகிவிட்டதென்று நல்லதம்பி துளையில் கந்தலைத் திணித்துக்கொண்டு கிளம்பினான். நடு ஆற்றில் கந்தல் பிடுங்கிக்கொண்டது. வாழைத்தார்களை ஆற்றில் தள்ளிவிட்டு, அவனும் மனைவி மயிலம்மாளும் தண்ணீரை இறைத்தபடியே கரைக்குத் திரும்பினார்கள்.

"கட்டைய எங்கடா தொலைச்ச? உன்னோட கூட்டு சேர்ந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று ஊரே கேட்கக் கத்தினார் வீரமலை.

கத்திய வாய் வெற்றிலை கேட்டது. சுருக்குப்பைக்குள் விட்ட விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. நேற்று மாலை மழைக்கு ஓடும்போது, அப்புறம் கட்டிக்கொள்ளலாம் என்று அவர்தான் கட்டையைப் பையில் போட்டிருந்தார்.

"தப்புதாண்ணே. இன்னைக்கே புதுசு செதுக்கிடறேன்" என்றான் நல்லதம்பி, ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே.

வீரமலை பையை இறுக்கினார்.

"வெத்தலை தீர்ந்துடுச்சாண்ணே?" மயிலம்மாள் தன் இடுப்பிலிருந்து எடுத்த ஈர வெற்றிலையை நீட்டினாள்.

அந்தக் கையில் கட்டையை வைத்துவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் போய் அதை எஞ்சின் கயிற்றில் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினாள். அவர் சொல்லிக்கொடுத்த முடிச்சு.