செத்த புல்லுக்குப் பரிசு

1

இந்தக் கதை ஒரு பொய் வாக்கியத்திலிருந்து பிறந்தது. வாக்கியம் இது: 'எங்கள் கடற்கழி மறுபடி மூச்சு விடுகிறது.' எழுதியவன் நான்.

நிலைத்த வளர்ச்சிக்கான ஆய்வுகளுக்கும் திட்டங்களுக்கும் வருஷா வருஷம் பரிசு கொடுக்கிற அலுவலகம் எங்களுடையது. பதினாறு வருஷமாக அங்கே பாராட்டுரை எழுதுவதுதான் என் வேலை. டென்மார்க்கில் இந்தப் பரிசை வாங்கியவர்களில் பாதிப் பேரை மேடையிலேயே அழ வைத்திருக்கிறேன். (பெருமையடிக்கிறேன். இருக்கட்டும், இதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன்.)

2

முதல் தொடக்கம்: 'ஆகஸ்ட் காலையொன்றில் ஆனலீஸ் கடலுக்குள் இறங்கியபோது வெளிச்சம் பச்சைப் பட்டாக விரிந்து' —

வேண்டாம். இந்தக் கைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. சாதாரணமாகவே சொல்லிவிடுகிறேன்.

ஆனலீஸ் கடல் ஆய்வாளர், எனக்கு இருபது வருஷப் பழக்கம். வயல்களிலிருந்து வடியும் உரத்தால் கலங்கி, மீன் அற்றுப்போன எங்கள் கழியில் அவள் கடற்புல்லைத் திரும்ப நட்டாள். ஊர்க்காரர்கள் கரையில் மேசை போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு புல்லையும் ஓர் இரும்பு ஆணியில் கட்டிக் கொடுப்போம். ஆணியின் கனத்தில் புல் மண்ணில் நிற்கும். அப்படித் தொண்ணூறாயிரம் ஆணி. ஜூனில் நடுவர்கள் படகில் போய்ப் பார்த்தார்கள், எங்கும் பச்சை. பரிசு அறிவிக்கப்பட்டது, என் வாக்கியம் பத்திரிகையில் வந்தது.

விழாவுக்கு எட்டு நாள் முன்பு ஆனலீஸ் போன் செய்தாள்.

"மவுரிட்ஸ், இப்பத்தான் தண்ணியிலேர்ந்து ஏறினேன். ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா?"

"புல்லே இல்லப்பா. ஆணி மட்டும் வரிசையா நிக்குது. உரத்தண்ணி வர்றது நிக்காம எதை நட்டாலும் செத்துடும்."

"ஐயோ."

"ஐயோ அது இல்ல. விழா முடிஞ்சு வர்ற செவ்வாய் நகராட்சி ஓட்டுப் போடுது. கழி சரியாயிடுச்சு, உரத்துக்கு இனிமே கட்டுப்பாடு வேணாம்னு தீர்மானம். அந்தத் தீர்மானத்தோட முதல் பக்கத்துல உன் வாக்கியம்தான் இருக்கு."

3

தோர்கில் என் மேலதிகாரி, அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர். (நல்ல மனிதர் என்று எழுதினால்தான் நீங்கள் நம்பமாட்டீர்கள் போலிருக்கிறது. நிஜமாகவே நல்ல மனிதர்.)

"யோவ், விண்ணப்பம் எந்த மாசம் வந்துது?"

"ஜனவரி."

"நடுவருங்க பாத்தது?"

"ஜூன்."

"அப்பப் புல்லு இருந்துதுல்ல? ஆகஸ்ட்டுல செத்தா அது அடுத்த வருஷ விண்ணப்பம். கேக்குக்கே சொல்லியாச்சு, போ."

[இந்த இடத்தில் மவுரிட்ஸ் என்கிற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. ஐம்பத்து மூன்று வயது, சாது, அவனால் என்ன செய்ய முடியும் என்று அவனுக்காகப் பரிந்து பேசத் தோன்றுகிறது. செய்ய முடியும். ஒரு வரியை அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.]

அடிக்கவில்லை. ஆனலீஸைக் கூப்பிட்டேன்.

"நீயே மேடையில சொல்லிடேன். நீ சொன்னாத்தான் எடுபடும்."

"நீ எழுதினத நான் வந்து அழிக்கணுமா?"

நான் நிகழ்ச்சி நிரலில் அவள் பேச்சுக்கு நேரம் குறித்தேன். கடைசியில் அவள், "சரி, சொல்றேன்" என்றாள்.

4

சொன்னாள். கையில் காகிதம்கூட இல்லை.

"இந்தப் பரிசுக்கு எனக்குத் தகுதி இல்ல. நான் நட்ட புல்லுல ஒண்ணுகூட உயிரோட இல்ல."

அரங்கம் சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை, பிரியமான சிரிப்பு.

(இதை அடிக்குறிப்பாகப் போட்டிருக்க வேண்டும். எங்கள் ஊரில் பரிசு வாங்குகிறவர் தன்னைத் தானே மட்டம் தட்டிக்கொள்ள வேண்டும், அதுதான் மரியாதை. போன வருஷம் காற்றாலைக்காக வாங்கியவர், 'நான் சும்மா ரெண்டு திருகாணி முடுக்கினேன்' என்றார். தன்னைப் புகழ்ந்துகொண்டவருக்கு அப்புறம் இங்கே யாரும் காப்பி ஊற்ற மாட்டார்கள்.)

"இல்லீங்க, நெசமாத்தான் சொல்றேன். கழி செத்துக்கிட்டிருக்கு. செவ்வாய்க்கிழமை தயவுசெஞ்சு —"

மீதி வார்த்தைகள் கைதட்டலில் போயின. நகரத் தலைவர் முன்வரிசையிலிருந்து எழுந்தார், கண் கலங்கியிருந்தது. "பாத்தீங்களா! இவ்வளவு செஞ்சும் இன்னும் பத்தலைங்கிறாங்க. இவங்கதான் நம்ம ஊரு!"

எல்லோரும் எழுந்து மூன்று முறை ஹுர்ரே போட்டார்கள். ஆனலீஸ் கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். அப்போது நானும் கைதட்டிக்கொண்டிருந்தேன். எல்லோரும் தட்டும்போது சும்மா நிற்க வெட்கமாக இருந்தது. இதைவிடக் கேவலமான காரணம் இருந்தால் அதைச் சொல்லியிருப்பேன், இல்லை.

5

ஒரு முடிவு: மவுரிட்ஸ் மேடையேறி ஒலிவாங்கியைப் பிடுங்கி — பொய்.

இன்னொரு முடிவு: நகராட்சி ஓட்டெடுப்பைத் தள்ளிவைத்து — அதுவும் பொய். பதினைந்துக்கு நான்கு என்று தீர்மானம் நிறைவேறியது. குணமான கழிக்கு எதற்குப் பணம் என்று ஆனலீஸின் திட்டத்தையும் மூடிவிட்டார்கள். நான் கூப்பிட்டால் அவள் போனை எடுப்பதில்லை.

மூன்றாவதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். அரங்கத்தில் ஒரே ஓர் ஆள் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறார். கை தூக்கி, "எப்போ செத்துச்சு? எதனால?" என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்வி போதும். அவரை மீனவராக எழுதிப் பார்த்தேன், நடுவராக எழுதிப் பார்த்தேன், காப்பி ஊற்றும் பெண்ணாகவும் எழுதிப் பார்த்தேன். மூவரும் வாயைத் திறக்கும் நேரத்தில் எழுந்து நின்று கைதட்டிவிட்டார்கள். அப்படி ஓர் ஆளை எனக்குத் தெரியாது. தெரியாத ஆளை எப்படி எழுத?

உங்களுக்குத் தெரிந்திருந்தால் நீங்கள் எழுதுங்கள். வேறெதுவும் கேட்கவில்லை. இதைப் படித்துவிட்டு, 'தன்னையே இப்படித் திட்டிக்கொள்கிறாரே, என்ன அடக்கம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நிஜமாகத்தான் சொல்கிறேன்.