ஆம்ப்ளிபயருக்குள் ஒரு கொசு

நான் கட்டிக்கொள்ள நினைத்தவரைப் பற்றி அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். என்ன வேலை, என்ன குடும்பம், ஏதாவது கெட்ட பழக்கம் உண்டா என்று அம்மா என்னைக் குடைந்து முடித்த பிறகு, கையில் சால்டரிங் அயர்னோடு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"பாட்டுக் கேப்பாரா?"

"கேப்பாருப்பா."

"அப்ப ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வா. நம்ம ஆம்ப்ளிபயர் முன்னாடி உக்கார வச்சுப் பாத்துரலாம். ஒரு மனுஷன் கேக்குற விதத்துலயே ஆளு யாருன்னு தெரிஞ்சிரும்."

அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அந்த வீட்டில் யாருக்காவது நல்ல காது இருந்தால் அதைவிடப் பெரிய இடைஞ்சல் வேறு இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அப்பா அச்சகத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காத இரைச்சலில் பாதி வாழ்க்கையைக் கழித்தவர். எந்திரம் ஓடுவதற்கு முன் 'கீ' என்று ஒரு பஸ்ஸர் அடிக்கும். உடனே கையை எடுத்துவிட வேண்டும். ஒருநாள் அப்பா எடுக்கவில்லை. கூட வேலை செய்தவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் விரல்கள் தப்பின. "பஸ்ஸர் அடிக்கவே இல்ல" என்று அப்பா சாதித்தார். அங்கே இருந்த அத்தனை பேரும் அடித்தது என்றார்கள். முதலாளி நயமாகப் பேசி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ரிப்பேரான பஸ்ஸரைச் சரிசெய்யத் துப்பில்லாமல் தன்மேல் பழியைப் போட்டுவிட்டார்கள் என்பதுதான் அப்பாவின் கட்சி. அதை எங்கள் வீட்டில் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

வீட்டுக்கு வந்தவர், துணி உலர்த்தும் பின்னறையைப் பிடித்துக்கொண்டார். ஆம்ப்ளிபயர் செய்யப் போகிறாராம். கடையில் விற்பதெல்லாம் வெறும் டப்பாவாம். அம்மாவின் பிளாஸ்டிக் தட்டில் ஏதோ மருந்தை ஊற்றி, சர்க்யூட் போர்டுக்காகச் செம்புத் தகட்டை அரித்தார். அதோடு அந்தத் தட்டின் கதை முடிந்தது. பூசணிக்காய் கனத்துக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கி வந்தார். உடைந்த எந்திரம் ஒன்றிலிருந்து அலுமினியத் தகடுகளை அறுத்தெடுத்து, டிரான்சிஸ்டர்களின் சூடு இறங்குவதற்காகப் பெட்டியின் முதுகில் பொருத்தினார். செலவைக் குறைக்க, உள்ளே ஒரு சின்னப் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய போர்டைப் போட்டார். வினை அங்கேதான் குடியேறியது.

"அளந்து பாக்க மீட்டர் வேணாமாப்பா?" என்று அண்ணன் கேட்டான்.

"வோல்டேஜ் பாக்க மீட்டர் இருக்கு. சத்தத்துக்கு என் காதுதாண்டா மீட்டர்."

முதல் தடவை நேரடியாகக் கரண்ட் கொடுக்கக் கூடாதாம். நடுவில் ஒரு குண்டு பல்பை மாட்ட வேண்டும். அது பளிச்சென்று எரிந்தால் உள்ளே எங்கோ கோளாறு, மினுங்கி அடங்கினால் எல்லாம் சுகம். நாங்கள் மூன்று பேரும் கதவுக்குப் பின்னால் நின்றோம். அம்மா கையில் ஒரு வாளி மணல். பல்ப் மினுங்கியது, அடங்கியது. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பல்பை எடுத்துவிட்டு, இரண்டு ஸ்பீக்கர்களையும் மாட்டி, பாட்டு எதுவும் போடாமல் சுவிட்சைத் தட்டினார்.

'ஙீ' என்று ஒரு சத்தம். ஊசிபோல மெலிசு. அண்ணன் காதருகே கையைத் தட்டிக் கொசு அடித்தான். அம்மா போய் ஜன்னலைச் சாத்தினாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, முகமெல்லாம் பூரிப்பாக உட்கார்ந்திருந்தார்.

"கேட்டீங்களா?"

"கேட்டுச்சு" என்றாள் அம்மா.

"என்ன கேட்டுச்சு? ஒண்ணுமே கேக்கல பாரு! டப்புனு ஒரு சத்தம் இல்ல, ஒரு இரைச்சல் இல்ல. அமைதின்னா இதாண்டி அமைதி."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் அவர் பாட்டைப் போட்டார். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு பாட்டை அதற்கு முன் நான் கேட்டதில்லை. பாடுகிறவர் மூச்சு இழுப்பது தெரிந்தது. வாத்தியம் எல்லாம் தனித்தனியாக, இடம்போட்டு உட்கார்ந்திருந்தது. ஆனால் பாட்டு எங்கே இறங்கினாலும் கொசு மேலே ஏறிக்கொள்ளும்.

சமையலறையில் அம்மா மாநாடு கூட்டினாள். "அவருக்கு நெசமாவே கேக்கலையாம்மா?" என்றான் அண்ணன்.

"இது கேக்கலன்னா அப்ப அந்த பஸ்ஸரும் கேக்கலன்னு ஆயிரும். அந்த மனுஷன் அப்புறம் தூங்கவே மாட்டாரு. யாராவது வாயத் தொறந்தீங்க, நடக்கறதே வேற."

அன்று தொடங்கியது எங்கள் குடும்பத் தொழில். வருகிறவர்களையெல்லாம் அப்பா பின்னறைக்குத் தள்ளிக்கொண்டு போவார். அதற்குள் அம்மா செருப்பு விடும் இடத்திலேயே அவர்களை மடக்கி, "உள்ள லேசா ஒரு சத்தம் வரும், கண்டுக்காதீங்க" என்று காதில் போட்டுவிடுவாள். சித்தி தலையைப் பிடித்துக்கொண்டே "தேனா ஒழுகுது மாமா" என்றாள். தண்ணீர் மீட்டர் பார்க்க வந்த ஆள்கூடப் பிரமாதம் என்று சொல்லிவிட்டுத்தான் மீட்டரைப் பார்த்தார். அண்ணன் ஒருபடி மேலே போய், "வெல்வெட் மாதிரி இருக்குப்பா" என்று அடித்து விடுவான். அவன் வெல்வெட்டைத் தொட்டுப் பார்த்ததே இல்லை.

இந்த லட்சணத்தில்தான் நான் கண்ணாடிக்காரரைக் கூட்டிவர வேண்டும். கண்ணாடிக்காரர் என்பது நான் கட்டிக்கொள்ள நினைத்தவருக்கு அம்மா வைத்த பெயர். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவர். நான் அங்கே போயிருந்தபோது, கண்ணாடி போட்டால் முகம் கெட்டுவிடும் என்ற பயத்தில், எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பித்தேன். அவர் பலகையை மாற்றிவிட்டு, "இப்பப் படிங்க. வெளிய காத்திருந்தப்ப மனப்பாடம் பண்ணிட்டீங்க போல" என்றார். நாள் முழுக்க ஜனங்களின் பொய்யைக் கண்டுபிடிப்பதே அவருக்குப் பிழைப்பு. அதற்காகத்தான் அவரைப் பிடித்துப்போனது. அதுதான் இப்போது கழுத்தைப் பிடித்தது.

பஸ் நிறுத்தத்தில் வைத்துப் பாடம் எடுத்தேன். "ஒரே ஒரு வார்த்தை. 'பிரமாதம்.' சொல்லிட்டு டீயைக் குடிங்க."

"அதுல கோளாறு ஏதாவது இருந்தா?"

"இருக்கு. அதனாலதான் சொல்றேன்."

"பொய் சொல்லச் சொல்ற."

"எங்க வீட்டுல அதுக்குப் பேரு பாசம்."

அவர் சிரித்தார். ஒரு வார்த்தைதானே, உனக்காகச் சொல்லிவிடுகிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். நாற்காலி எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் டேப் ஒட்டி வைத்திருந்தார். கண்ணாடிக்காரரை அதில் உட்கார வைத்துப் பாட்டைப் போட்டார். ஒரு முழுப் பாட்டு. அவர் அசையாமல் கேட்டார். பாட்டு முடிந்தது. கொசு பாக்கி இருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார் அப்பா.

"பிர..." என்று அவர் ஆரம்பித்தார்.

அப்பா கையை உயர்த்தினார். "அவசரப்படாதீங்க தம்பி. வர்றவங்க எல்லாருமே பிரமாதம்னுதான் சொல்றாங்க. இதுல ஒரு கோளாறு இருக்கு. முகத்துக்கு நேரா அதச் சொல்ற ஆள்தான் எனக்கு வேணும்."

அம்மா டீத் தட்டை அப்படியே கீழே வைத்தாள். அப்படியானால் இத்தனை நாளும் இந்த மனுஷருக்குத் தெரியுமா? கண்ணாடிக்காரர் முகத்திலோ அப்படி ஒரு நிம்மதி.

"உங்களுக்கும் தெரியுங்களா? நான் எப்படிச் சொல்றதுன்னு தவிச்சிட்டிருந்தேன். அந்த விசில் சத்தம்தானே?"

அப்பா அவரையே பார்த்தார். "எந்த விசில்?"

அப்பா மெதுவாக எழுந்து இடது ஸ்பீக்கரைத் தொட்டுக் காட்டினார். "காலையில இதுக்கு மட்டும் பிளஸ் மைனஸ் ஒயர மாத்திப் போட்டு வச்சேன். பாடுறவரு நடுவுல நிக்கணும். இப்ப சுவத்துக்குள்ள போய் ஒளிஞ்சிட்டாரு. அதச் சொல்லுவீங்கன்னு பாத்தா, இல்லாத விசிலக் கண்டுபிடிச்சு வச்சிருக்கீங்க." என் பக்கம் திரும்பினார். "கோளாறு இருக்குன்னு நான் சொன்னதும் வாய்க்கு வந்தத அடிச்சு விடுறாரு. இவர நம்பி உன்ன எப்படிம்மா குடுக்கறது?"

ஊரையே ஏமாற்றும் ஒரு குடும்பம், உண்மை பேசிய ஒரே ஆளைப் பொய்யன் என்று வெளியே அனுப்பப் பார்த்தது. கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கவும் இல்லை, பின்வாங்கவும் இல்லை.

"எனக்குக் கேக்குதுங்க. மத்தவங்களப் பத்தி எனக்குத் தெரியாது."

"உனக்குக் கேக்குதாடா?" என்றார் அப்பா, அண்ணனிடம்.

"இல்லையே" என்று அண்ணன் மின்விசிறியிடம் சொன்னான்.

"உனக்கு?"

"எனக்கென்ன தெரியும், நான் பாட்டுக்கு அடுப்படியில கெடக்கறேன்" என்றாள் அம்மா.

அப்பா என்னிடம் வந்தார். ஒரு பக்கம் அவருடைய பஸ்ஸர், இன்னொரு பக்கம் என் வாழ்க்கை. நான் நல்ல மகளாக இருந்திருந்தால் யோசித்திருப்பேன்.

"கேக்குதுப்பா."

"எப்பலேருந்து?"

"மொத நாள்லேருந்து."

"அடிப்பாவி" என்றாள் அம்மா, வாய்க்குள்ளேயே.

அப்பா கோபப்படவில்லை. ஒரு ஸ்பீக்கரை அடியோடு கழற்றி வைத்தார். கண்ணாடிக்காரரைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னார். பின்னால் நின்றுகொண்டு, மற்ற ஸ்பீக்கரின் ஒயரை ஆம்ப்ளிபயரில் தொட வைத்தார், எடுத்தார், மறுபடி தொட வைத்தார்.

"இப்ப?"

"இருக்கு."

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல... இப்ப இருக்கு."

நாள் முழுக்க 'இப்பத் தெரியுதா, இப்பத் தெரியுதா' என்று மற்றவர்களைக் கேட்கிறவர், சுவரைப் பார்த்தபடி ஒன்றுகூடப் பிசகாமல் பதில் சொன்னார். அப்பா ஒயரைக் கீழே விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். தன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப அந்த பஸ்ஸர் அடிச்சிருக்கு" என்றார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்..."

"கஷ்டமாத்தான் இருக்கு."

அதற்குமேல் அவர் எங்களோடு பேசவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்து மூடியைக் கழற்றினார். "தம்பி, இங்க வந்து உக்காருங்க" என்றார். கல்யாணப் பேச்சு அப்படியே நின்றுபோனது. அந்தக் கம்ப்யூட்டர் போர்டுதான் கத்துகிறது என்று கண்டுபிடித்தார்கள். அப்பா ஒயர்களைத் தள்ளித் தள்ளி வைத்தார், தகரத்தை வெட்டி நடுவில் தடுப்புக் கட்டினார், கெபாசிட்டர்களை ஒவ்வொன்றாகப் பற்றவைத்தார். ஒவ்வொரு தடவையும் "இப்ப?" என்பார். "அப்படியேதாங்க இருக்கு" என்பார் கண்ணாடிக்காரர். கொஞ்சமும் பூசி மெழுகவில்லை. எனக்கு அவர்மேல் எரிச்சலாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பிறகு, "கொஞ்சம் கொறஞ்சிருக்கு." பிறகு, "நல்லாவே கொறஞ்சிருக்கு."

டீயில் ஆடை கட்டிவிட்டது. ஜன்னலில் வெளிச்சம் இறங்கிவிட்டது. அப்பாவின் கை தவறி, ஈயச் சொட்டு ஒன்று பாயில் விழுந்து பொசுங்கியது. டப்பாவைக் கவிழ்த்துக் கடைசிக் கெபாசிட்டரை எடுத்து வைத்தார். அதையும் பற்றவைத்து, சுவிட்சைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். அத்தனை வயதானவராக அவரை நான் பார்த்ததில்லை.

"போச்சுப்பா!" என்றோம் நானும் அண்ணனும் ஒரே குரலில்.

"உங்களக் கேக்கல."

அவர் எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. என்னைக் கைநீட்டி அடித்திருந்தாலும் அப்படி வலித்திருக்காது. கண்ணாடிக்காரரின் முழங்காலில் கையை வைத்தார்.

"தம்பி, இந்த வீட்டுல எங்கிட்ட உள்ளத உள்ளபடி சொன்னது நீங்க ஒருத்தர்தான். நீங்க சொல்லுங்க. போச்சா?"

அவர் கண்ணை மூடிக் கேட்டார். நாங்களும் கேட்டோம். கொசு இருந்தது. முன்னைப்போல இல்லை, நூலாக இளைத்திருந்தது. ஆனால் இருந்தது. அண்ணனின் கை தன்னையறியாமல் காதுப் பக்கம் போய், பாதியில் நின்றது. கண்ணாடிக்காரர் கண்ணைத் திறந்தார். காலியான டப்பாவைப் பார்த்தார், அப்பாவின் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"போச்சு மாமா" என்றார். "சுத்தமாப் போச்சு."

அப்பா சாய்ந்து உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார். முகத்தில் பழைய பூரிப்பு மெல்லத் திரும்பியது. அந்த அமைதியை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "மாப்பிள்ளைக்கு டீ ஆறிப்போச்சு" என்றாள். "வேற போட்டு எடுத்துட்டு வரேன்."