பாறைக் கோயிலில் கடல் ஏறும் நேரம்

வண்டியில் ஏறியவர்களைக் கைடு எப்போதும் இரண்டு முறை எண்ணுவான். அன்று காலை முதல் முறை இருபது வந்தது. இரண்டாவது முறை பத்தொன்பது வந்தது. பத்தொன்பதுதான் சரி.

பதினொரு மாதமாக இப்படித்தான். பன்னிரண்டு பேர் வந்தால் பதின்மூன்று, பதினெட்டு பேர் வந்தால் பத்தொன்பது. இருக்கைகளின் முதுகை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு, வாய்விட்டு எண்ணினாலும் முதல் எண்ணிக்கையில் ஒருவர் கூடிவிடுவார். யார் அந்த ஒருவர் என்று அவனுக்குத் தெரியும். அதனால் கடைசி வரிசை சன்னலோர இருக்கையை மட்டும் அவன் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கையால் காற்றைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவான்.

வண்டியை ஓட்டுகிறவர் அவனுடைய அக்காள் புருஷன். அவருக்கு இதெல்லாம் வேடிக்கை.

"கூட ஒண்ணு வந்தா நல்லதுதானே மாப்ளே. குறைஞ்சாதான் வம்பு" என்பார்.

அந்தச் சன்னலோர இருக்கையை அவன் யாருக்கும் கொடுப்பதில்லை. மெத்தை எப்போதும் ஈரமாக இருக்கும். ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, அதற்கும் பேய் என்று பெயர் வைக்காதே என்று மாமா சொல்லுவார். மெக்கானிக் கூரையைப் பிரித்துப் பார்த்தான். குழாய் சுக்காகக் காய்ந்து கிடந்தது. ஒருநாள் கைடு அந்த ஈரத்தை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்புக் கரித்தது. அதை மாமாவிடம் சொல்லவில்லை.

அன்று பத்தொன்பதாவது ஆளாக ஏறியவள் தனியாக வந்த ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கலாம். தான் ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் வேலை பார்ப்பதாகப் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள். அவளுக்கு முன் வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். அவள் நேரே பின்னால் போய் அந்தச் சன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அங்கே ஈரம், உடம்புக்கு ஆகாது என்று கைடு தடுத்துப் பார்த்தான். துண்டு போட்டுக்கொள்கிறேன் என்றாள்.

முதலில் மலைமேல் இருக்கும் கோயில். படியேறி நின்றால் கடல் மூன்று பக்கமும் தெரியும். எல்லோரும் சாமி கும்பிட்டுவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அவள் சன்னதிக்குள் போகவில்லை. வாசலில் நின்று, உள்ளே எரியும் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபித்துக்கொண்ட பிள்ளை, பெற்றவர்களின் வீட்டு வாசலில் நிற்பதைப் போல இருந்தது.

அடுத்து மூச்சுப் பாறை. கரையோரப் பாறையில் கிணறு போல ஓர் ஓட்டை உண்டு. அடியில் குகைக்குள் அலை வந்து மோதும்போது காற்று அந்த ஓட்டை வழியாக "ஹோ" என்று வெளியே வரும். பின்னாலேயே பூத்தூறலாகத் தண்ணீர் எழும்பும். ஆண்டவன் மூச்சு விடுகிறான் என்று கைடு எல்லோருக்கும் சொல்லுவான். பதினொரு மாதமாக அதைச் சொல்லும்போது அவன் குரல் கம்மிவிடும்.

மற்றவர்கள் தூறலில் நனைந்து சிரித்துக்கொண்டிருக்க, அவள் அவனிடம் வந்து கைப்பேசியை நீட்டினாள். அதில் ஒரு வயதான அம்மாவின் படம் இருந்தது.

"இவங்களை ஞாபகம் இருக்கா அண்ணே? எங்கம்மா. போன வருஷம் உங்க வண்டியிலதான் வந்தாங்க."

அவன் தலையை ஆட்டினான்.

"உங்ககிட்டதான் கடைசியா பேசினாங்களாம். 'நான் பின்னாடி வரேன், நீங்க போங்க'ன்னு சொன்னாங்கன்னு போலீஸ்ல எழுதியிருக்கு. அதை எப்படிச் சொன்னாங்க? கோபமாவா, அழுதுகிட்டா?"

அவன் பதில் சொல்வதற்குள் அவளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். புறப்படுவதற்கு முந்தின நாள் அம்மாவோடு போனில் சண்டை. தனியாக எதற்கு இந்த வயதில் ஊர் சுற்றுகிறாய் என்று ஆரம்பித்தது எங்கெங்கோ போயிற்று. கடைசியில் இவள், எங்கேயாவது போய்த் தொலை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மறுநாள் அம்மா கடலோடு போய்விட்டாள். எல்லோரையும் அனுப்பிவிட்டு வேண்டுமென்றே தங்கியிருக்கிறாள் என்றால், அதற்கு வேறு என்ன அர்த்தம்?

"சாதாரணமாத்தான் சொன்னாங்கம்மா" என்றான் கைடு.

பாறை ஒரு முறை நீளமாக மூச்சு விட்டது.

அந்த அம்மா அப்படிச் சொல்லவே இல்லை.

மூன்றாவதாகப் போகும் இடம் பாறைக் கோயில். கரையிலிருந்து முந்நூறு அடி தள்ளிக் கடலுக்குள் ஒரு பாறை. அதன்மேல் ஒரு சின்னச் சிவன் கோயில். கடல் இறங்கியிருக்கும்போது மணலில் நடந்தே போய் வரலாம். ஏறிவிட்டால் பாறை தீவாகிவிடும். நேரம் பார்த்துப் பூசாரி மணி அடிப்பார். அடித்ததும் எல்லோரும் திரும்பிவிட வேண்டும்.

பதினொரு மாதத்துக்கு முன்புவரை கைடு இங்கே தலையை எண்ணுவதில்லை. செருப்பைத்தான் எண்ணுவான். கரையில் ஒரு பலகை போட்டிருந்தது. எல்லோரும் அதன்மேல் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு போவார்கள். திரும்பி வருகிறவர்கள் அவரவர் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறுவார்கள். பலகை காலியானால் ஆட்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒருத்தர் இளநீர் குடிக்கப் போயிருப்பார், ஒருத்தர் கைகழுவப் போயிருப்பார், தலை ஏமாற்றிவிடும், செருப்பு ஏமாற்றாது என்று மற்ற வண்டிக்காரர்களிடம் பெருமை பேசுவான். எட்டு வருடம் அது ஏமாற்றவில்லை.

அந்த அம்மா வந்த அன்று பலகையில் ஒரே ஒரு ஜோடி மீதியிருந்தது. அலை நெருங்கி வந்து அதை நனைத்தது. கூட வந்த ஒரு பெண், ஐயோ பாவம், யாருடையதோ அடித்துக்கொண்டு போய்விடப் போகிறதே என்று எடுத்து வந்து தன் இருக்கைக்கு அடியில் வைத்தாள். கைடு வந்து பார்த்தபோது பலகை காலி. போகலாம் மாமா என்றான். அந்த அம்மா அப்போது பாறையின் பின்பக்கம் பிரகாரம் சுற்றிக்கொண்டிருந்தாள். அங்கே அலைச் சத்தத்தில் மணியும் கேட்காது, ஹாரனும் கேட்காது. பூசாரி முன்பக்கம் பூட்டிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து, அடுத்த கோயில் வாசலில், இது யாருடைய செருப்பு என்று அந்தப் பெண் கேட்டாள். திரும்பிப் போய்ப் பார்த்தபோது பாறையைச் சுற்றி ஆள் உயரத் தண்ணீர். பாறை வெறுமையாக இருந்தது.

செருப்பை எடுத்து வைத்த பெண் செய்தது நல்ல காரியம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. அடுத்தவர் பொருள் நனைகிறதே என்று குனிந்த கையை யார் குறை சொல்ல முடியும்? ஆட்களை எண்ண வேண்டியவன் செருப்பை எண்ணினான். தவறு அங்கே இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய தவறு காவல் நிலையத்தில் நடந்தது. அந்த அம்மா ஏதாவது சொன்னாங்களா என்று கேட்டார்கள். மேசைக்கு அடியில் மாமாவின் கால் அவன் காலை அழுத்தியது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். அந்த ஒரு வாக்கியம் யார் வீட்டில் போய் விழும் என்று அப்போது அவன் யோசிக்கவில்லை.

மூச்சுப் பாறையிலிருந்து வண்டி கிளம்பியதும், கண்ணாடிக் கடைப் பெண் யார் என்று மாமாவின் காதில் சொன்னான். உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றும் சொன்னான். மாமாவின் முகத்தில் வேடிக்கை போய்விட்டது. வண்டிக்கு உரிமம் போகும், இரண்டு குடும்பம் தெருவில் நிற்கும், உன் அக்காவை நினைத்துப் பார் என்றார். சொன்னால் செத்தவர்கள் எழுந்து வந்துவிடுவார்களா என்றும் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். கைடுக்கும் பயம்தான். வாயை மூடிக்கொண்டான்.

பாறைக் கோயிலில் கடல் நன்றாக இறங்கியிருந்தது. எல்லோரும் மணலில் நடந்து போனார்கள். கைடு கரையிலேயே நின்றுகொண்டான். பதினொரு மாதமாக அவன் அந்த மணலில் கால் வைத்ததில்லை. ஒரு மணி நேரம் போயிற்று. பூசாரி மணி அடித்தார். கும்பல் கும்பலாகத் திரும்பினார்கள். பூசாரியும் வந்துவிட்டார். கைடு வண்டியில் ஏறி, இருக்கை முதுகுகளைத் தொட்டுக்கொண்டே போனான். கடைசி இருக்கைக்கு வந்ததும் வழக்கம்போல நிமிராமல் கையை மட்டும் நீட்டிவிட்டுத் திரும்பினான்.

பத்தொன்பது.

சரியாக வந்துவிட்டதில் அவனுக்கு ஒரு நிம்மதி. இரண்டாவது முறை எண்ணத் தோன்றவில்லை. போகலாம் மாமா என்றான். வண்டி நகர்ந்து, மேட்டில் ஏறி, தார்ச்சாலைக்கு வந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முதல் எண்ணிக்கை ஒருநாளும் சரியாக வந்ததில்லை. எப்போதும் ஒன்று கூடும். இன்று கூடவில்லை என்றால், ஒருவர் குறைகிறார்.

நிமிர்ந்து பார்த்தான். சன்னலோர இருக்கையில் ஒரு துண்டு மட்டும் விரித்துக் கிடந்தது.

"மாமா, நிறுத்துங்க" என்றான். நிற்பதற்குள் குதித்துவிட்டான்.

மணலில் தண்ணீர் பரவத் தொடங்கியிருந்தது. கணுக்கால் வரை வந்தது, பிறகு கெண்டைக்கால் வரை. யாரோ அவனுக்கு முன்னால் ஓடுவதுபோல, ஆளில்லாத தண்ணீரில் கால் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆழம் குறைவான பக்கமாகவே அந்தச் சத்தம் போயிற்று. சிவ சிவ என்று சொல்லிக்கொண்டு அதன் பின்னாலேயே போனான்.

அவள் பாறையின் பின்பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். கைடுடன் வருகிறேன் என்று பூசாரியிடம் சொல்லி அவரை அனுப்பிவிட்டிருக்கிறாள். அவனைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நான் பின்னாடி வரேன். நீங்க போங்க" என்றாள்.

அவன் அவளுக்குக் கீழே, தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"உங்கம்மா அப்படிச் சொல்லல. நான் பொய் சொன்னேன்" என்றான்.

பலகை, செருப்பு, காலியென்று நினைத்தது, திரும்பி வந்தது எல்லாவற்றையும் சொன்னான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் ஒரு சொல்லையும் அதில் சேர்க்கவில்லை. அவள் கண் இமைக்காமல் கேட்டாள். எதிரே இருப்பவனுக்கு எந்த எழுத்து வரை தெரிகிறது என்று பார்க்கிற கண்கள் அவை.

"அப்போ என்னதான் சொன்னாங்க?"

"வரும்போது வண்டியில என்கிட்ட ஒண்ணு கேட்டாங்க. 'ஆறு மணிக்கு சிக்னல் இருக்கிற இடத்துக்குப் போயிடுவோமா தம்பி? என் பொண்ணு கோவமா இருக்கா. ஆனா ஆறு மணிக்குப் போன் பண்ணாம இருக்க மாட்டா'ன்னு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆறு மணிக்கு அடிச்சுதும்மா. பை வண்டியில இருந்துச்சு. எடுக்கத் தைரியம் வரல."

"நான்தான் பண்ணேன்" என்றாள். "மன்னிப்புக் கேக்கலாம்னுதான் பண்ணேன்."

அவள் அழுது முடிக்கும்வரை கடல் காத்திருக்காது. தண்ணீர் இரண்டாவது படியைத் தொட்டது. அவன் எழுந்து கையை நீட்டினான். தன் கையைப் பிடிக்க அவளுக்கு மனம் வருமா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள். பாதி வழியில் தண்ணீர் இடுப்புக்கு வந்தது. எதிரே சட்டையோடு ஒருவர் இறங்கி வந்துகொண்டிருந்தார், மாமா. அவருக்கு நீச்சல் தெரியாது. இன்னொரு கையை அவர் பிடித்துக்கொண்டார்.

கரையில் மற்றவர்கள் துண்டு கொடுத்தார்கள். ஒருவர் தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. நனைந்தவர்களைத் துவட்டக் காரணம் தெரிய வேண்டியதில்லை.

மறுநாள் காலை காவல் நிலையத்துக்குப் போக வேண்டும் என்று அவள் சொன்னாள். வருகிறேன் என்றான் கைடு. அவள் தனியாகப் போய்ப் புகார் கொடுப்பாள், தன்னைக் கூப்பிட்டு அனுப்புவார்கள் என்று நினைத்திருந்தான். ஒன்பது மணிக்கு அவன் வீட்டு வாசலில் அவள் வந்து நின்றாள். அக்கா அவளுக்குக் காபி கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசத் தெரியாமல் அவள் கையைத் தடவிக்கொண்டு நின்றாள். மாமா காலையில் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டியிருந்தார்.

"வண்டிய எடுத்தவன் நான்தானே மாப்ளே. நீ மட்டும் எதுக்குப் போற?" என்றார்.

நிலையத்தில் எழுத்தர் பழைய கோப்பைத் தேடி எடுக்க வெகுநேரம் ஆயிற்று. தூசி தட்டிப் பிரித்தார். அவர்கள் மூவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இறந்தவரின் மகள், வண்டிக்காரர்களோடு சேர்ந்து வந்திருப்பது அவருக்குப் புரியவில்லை. இவர்கள் உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவளிடம் கேட்டார்.

அவள் யோசித்தாள்.

"எங்கம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனவங்க" என்றாள்.

எழுத்தர் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டுக் கைடைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஒரு வாய் குடித்தான்.

"அவங்க என்கிட்ட அப்படிச் சொல்லவே இல்லீங்க சார்" என்று ஆரம்பித்தான்.